முதல் உலக்கை

நைனார்பாளையத்தில் எந்தக் கல்யாணத்துக்கு மஞ்சள் இடித்தாலும் முதல் உலக்கை கொளஞ்சியம்மாள்தான் போடுவாள். மலேயாவுக்குப் போன புருஷன் சுப்புராயன் நாற்பத்தைந்து வருஷமாக ஒரு கடுதாசி போடவில்லை. போகட்டும். செத்தான் என்று யாரும் வந்து சொல்லாதவரை அவள் சுமங்கலி. அந்த அதிகாரத்தில் ஊர்க் கல்யாணங்களை உருட்டி மிரட்டி நடத்தி வைத்தாள். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அன்று பக்கத்து வீட்டு ஜெயம்மாளின் இளைய மகள் செவ்வந்தி கல்யாணத்துக்கு மஞ்சள். முதல் பிடி இடித்து நிமிரும்போது கொழுந்தன் மகன் தீனதயாளன் வந்து நின்றான். மெட்ராஸ் காலேஜில் படிப்பவன். அடுத்த வாரம் இட ஒதுக்கீட்டு மறியல் என்று பஸ்ஸெல்லாம் குறைந்துபோய், சின்னசேலத்திலிருந்து நடந்தே வந்திருந்தான்.

"பெரியம்மா, பெரியப்பா பேரு கெடச்சிட்ச்சி," என்றான்.

லண்டனில் யுத்தகாலக் காகிதங்களை இப்போதுதான் வெளியே விட்டார்களாம். அவனுடைய வாத்தியார் ஜெராக்ஸ் வாங்கியிருந்தார். அப்போது மலேயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் தன் அதிகாரிகள் குண்டுக்குத் தப்பி ஒளிய மலைக்குள் சுரங்கம் வெட்ட வைத்திருக்கிறான். வெட்டியவர்கள் இடத்தைச் சொல்லிவிடுவார்கள் என்று நாற்பது பேரை உள்ளே தள்ளிச் சுரங்கத்தின் வாயை அடைத்துவிட்டான். பதினேழாவது பெயர் சுப்புராயன், ஊர் நைனார்பாளையம். பையன் அதைப் பெருமையாகத்தான் வாசித்தான். படித்த பிள்ளைக்கு அவ்வளவுதான் புத்தி.

கொளஞ்சியம்மாளுக்கு அழுகை வரவில்லை. அந்த இருட்டில் தண்ணீர் கேட்டிருப்பானோ என்று நினைத்தாள்.

"எந்த வருசம்பா?" என்று ஜெயம்மாள் கேட்டாள்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சிங்க. தை மாசம்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெயம்மாளின் மூத்தவள் மணிமொழிக்கும் இதே கைதான் இடித்தது. மூன்றாம் மாதமே மாப்பிள்ளையைப் பாம்பு கடித்தது. மஞ்சள் இடிக்கிற பக்கம் வரக்கூடாதென்று மணிமொழி இப்போது கொல்லையில் நின்றிருந்தாள்.

"அப்ப எம் மணிமொழிக்கு இடிக்கிறப்பவே நீ தாலி அறுத்தவதானக்கா," என்றாள் ஜெயம்மாள். சத்தம்கூட உயரவில்லை.

"எனக்குத் தெரியாதே ஜெயா."

"ஒனக்குத் தெரியல. எம் பொண்ணு வாழ்க்க பூட்ச்சி."

சுற்றியிருந்த பெண்களில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவை எண்ணிப் பார்த்தாள். "பெரியம்மா இன்னா பண்ணாங்க?" என்று தீனதயாளன் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒருத்தி உலக்கையைப் பிடுங்கினாள். இன்னொருத்தி உரலிலிருந்த மஞ்சளை வழித்துக் கொல்லையில் கொட்டினாள். கொளஞ்சியம்மாளும் பின்னாலேயே போனாள். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மணிமொழி அவளையே பார்த்தாள். குடத்தைச் சாய்த்து அவள் கையில் தண்ணீர் ஊற்றினாள். எப்போதும் கூப்பிடுகிற 'பெரியம்மா' வாயில் வரவில்லை.

"தேச்சிக் கழுவு."

உள்ளே வேறு யாரோ உலக்கை போடத் தொடங்கியிருந்தார்கள். குடம் காலியாகும்வரை தேய்த்தும் கொளஞ்சியம்மாளின் உள்ளங்கை மஞ்சளாகவே இருந்தது.