கால் பாவாத தோட்டம்

1951 மார்ச் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அலோர் காஜாவிலிருந்து ஆறு மைல் தள்ளியிருந்த மெந்தாரி ரப்பர் தோட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு எழும்பினார்கள். காரணம் பத்திரிகை. மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களும் ஊர்களுமாகப் பன்னிரண்டு அணிகள் ஆடிய காற்பந்துப் போட்டியில், மூன்றே வாரம் முடிந்திருந்த நிலையில், ஒரு தமிழ் நாளிதழ் தரவரிசைப் பட்டியல் வெளியிட்டது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பிச்சைமுத்து அதைத் திடலில் நின்று உரக்கப் படித்தார். வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்தறியாதவர், ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தையும் எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று அறிந்தவர். முதலிடம் மெந்தாரி என்று அவர் வாயிலிருந்து வந்ததும், சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை என்று சொல்வார்களே, அது அப்படியே நடந்தது. ஆடியவர்கள், பார்த்தவர்கள், ஆட்டமே புரியாத கிழவிகள் எல்லோரும் மேலே இருந்தார்கள். இரண்டு நாய்களும் இருந்தன, ஆனால் அவை கணக்கில் இல்லை.

மற்ற ஊர்கள் பட்டியலை இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டாம் இடத்தில் போடப்பட்ட தெங்கேராவில், மளிகைக் கடைக்காரர் அப்துல் லத்தீப் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கருவாடு மடித்துக் கொடுத்தார். பன்னிரண்டாம் இடத்துக் கிளேபாங்காரர்கள் கடற்காற்றைக் குறை சொன்னார்கள். பட்டியல் போட்டவன் பந்தையே பார்த்ததில்லை என்பதில் மட்டும் பதினொரு ஊர்களும் ஒற்றுமையாக இருந்தன. மெந்தாரியில் மறுநாள் பால்மரம் வெட்டப் போனவர்களின் வெட்டு, பட்டையில் ஒரு சாண் மேலேறி விழுந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதை எழுதிவைத்தார். துரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எழும்பாதவர் ஒரே ஒருவர். நாலாம் லயத்துத் தம்புசாமி. அணியின் மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்டம் நடக்கும் நாளில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், திங்கட்கிழமை பெரட்டில் பெயர் கூப்பிடும்போது கையை மட்டும் தூக்குகிறவர். ஆனால் இந்தப் பட்டியலை அவர் நம்பவில்லை.

“மூணு ஆட்டத்துக்கு ஒரு பட்டியலா? பூத்ததெல்லாம் காய்க்குமா? பதினோரு ஆட்டமும் முடியட்டும்லா, அப்புறம் நானும் பறக்கிறேன்” என்றார்.

தோட்டமே அவர் மேல் எரிந்து விழுந்தது. மண்ணைப் பிடித்துத் தொங்குகிறவன் என்று பெயர் வைத்தார்கள். அவர் மனைவி ராமாத்தாள் மட்டும் கோபப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து புருஷனை அண்ணாந்து பார்த்தவள், இப்போது நேருக்கு நேர் பார்க்க முடிகிறதே என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளைப்போல் மெந்தாரி சந்தோஷமாக இருந்ததில்லை.

அது மலாயாவில் அவசரகாலம், காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு போர் நடத்திய காலம். தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி. காலையில் வாசலைத் திறந்து, ஒருவர் பாக்கியில்லாமல் தடவிப் பார்த்து, அரிசி கொண்டுபோகிறார்களா என்று சோதித்துத்தான் வேலைக்காட்டுக்கு விடுவார்கள். சாயங்காலம் வாசல் அடைபட்டால் அடைபட்டதுதான். அந்தக் காட்டுக்காரர்களுக்கு யாரோ சாப்பாடு கொண்டுபோகிறார்கள் என்று அதிகாரிகள் இரண்டு மாதமாக ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று தெங்கேராவுடன் ஆட்டம். ஐந்து மணிக்குத் திடலில் பயிற்சி. கால் தரையில் படாததால் பந்து ஆட்டக்காரர்களின் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் தலையாலும் முழங்காலாலும் ஆடிப் பழகினார்கள். அப்படி முட்டிய பந்து ஒன்று கம்பியைத் தாண்டி, காட்டோரத்து லாலாங் புல்லுக்குள் போய் விழுந்தது. தோட்டத்தில் இருந்தது அந்த ஒரே பந்து. வாசல் அடைத்தாயிற்று. கம்பிக்கு அடியில் வயிற்றை மண்ணோடு அழுத்திப் படுத்தால் ஒரு ஆள் நுழையலாம். மிதக்கிறவர்களால் அப்படிப் படுக்க முடியாது.

“தம்பு, தரையில காலு உள்ளவன் நீ ஒருத்தன்தான். போய் எடுத்துட்டு வந்துருலா” என்றார் பிச்சைமுத்து. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்புசாமியும் சிரித்துக்கொண்டே படுத்து, நுழைந்து, போய்ப் பந்தை எடுத்துவந்து பிச்சைமுத்துவின் கையில் கொடுத்தார். மதியம் மழை பெய்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் ரோந்துக்காரர்கள் கம்பியிலிருந்து காட்டோரம் வரை போய்த் திரும்பிய காலடிகளைக் கண்டார்கள். பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஈரமண்ணில் ஒவ்வொருவராக நடக்கச் சொன்னார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கடந்துபோனார்கள், மண் இருந்தபடியே இருந்தது. தம்புசாமி நடந்தார், தடம் விழுந்தது. மற்றவர்கள் ஏன் மிதக்கிறார்கள் என்று அதிகாரி கேட்கவில்லை. அவருக்கு வந்த உத்தரவு காலடியைப் பற்றியது.

பந்து எடுக்கப் போனதாகத் தம்புசாமி சொன்னார். யார் அனுப்பியது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். தம்புசாமி ஒரு முறை பிச்சைமுத்துவைப் பார்த்தார். பிச்சைமுத்துவின் கக்கத்தில் பந்து இருந்தது.

“யாரும் அனுப்பல தொரை. நானாத்தான் போனேன்.”

பந்தைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்கள். பிச்சைமுத்து வாயைத் திறந்தார். அனுப்பியவனையும் சேர்த்து லோரியில் ஏற்றுவார்கள் என்ற நினைப்பு வந்தது, மூடிக்கொண்டார். அவர் பேசட்டும் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தம்புசாமியை ஏற்றிய லோரி எட்டேகாலுக்குக் கிளம்பியது என்பதில் இல்லை. அது வளைவில் மறைந்தபோது ராமாத்தாள் தொப்பென்று தரையில் விழுந்தாள். வேறு யாரும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கவில்லை. அணிகள் ஊர்விட்டு ஊர் போவதற்கே தடை வந்து போட்டி நின்றுபோனது. அதற்குப் பிறகு பட்டியல் வரவில்லை, ஆகவே மெந்தாரி முதலிடத்திலேயே இருந்தது. வெட்கத்தில் ஆளாளுக்கு இறங்கப் பார்த்தார்கள். பிச்சைமுத்து காலில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டார், கல்லும் சேர்ந்து மிதந்தது. தங்களைக் கடைசி இடத்தில் போடும்படி எல்லோரும் கையெழுத்திட்டுப் பத்திரிகைக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். ஆடாத ஆட்டத்துக்கு இடம் மாற்ற விதியில்லை என்று பதில் வந்தது. கிளேபாங்காரர்கள் இடத்தை மாற்றிக்கொள்ளத் தயார் என்று சொல்லியனுப்பியதும் பயன்படவில்லை.

தம்புசாமியை எட்டு மாதம் அடைத்து வைத்திருந்து, பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். மெந்தாரியில் பிறந்தவர் அவர், நாகப்பட்டினத்தைக் கண்டதே இல்லை. ராமாத்தாளுக்குக் கைக்குழந்தை இருந்தது. அடுத்த கப்பல், அடுத்த வருஷம் என்று அவள் பயணம் தள்ளிக்கொண்டே போனது. அவர் கடிதங்களின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான், நம்ம டீம் இப்ப எத்தனாவது இடம். முதலிடம்தான் என்று அவள் பதில் எழுதச் சொல்வாள். அது பொய்யில்லை. 1957-இல் வேறொருவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது, காய்ச்சலில் போய்விட்டார் என்று எழுதியிருந்தது.

அவசரகாலம் முடிந்ததென்று 1960-இல் அறிவித்தார்கள். கம்பியும் அதற்கு முன்பே போய்விட்டது. அந்த ஆகஸ்டில் ஒரு மதியம் பிச்சைமுத்து ராமாத்தாள் வீட்டுக்குப் போனார். நாலு வாசல் தள்ளியிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர அவருக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. தினமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை வாசலில் நின்றே சொன்னார்.

“நான்தாம்மா அவன அனுப்புனேன்.”

ராமாத்தாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“தெரியும்ணே. லோரில ஏறுறப்பவே எங்கிட்ட சொல்லிட்டாரு. ஒங்களுக்கு நாலு புள்ளைங்க, வெளிய சொல்லாதன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.”

சொல்லிவிட்டால் இறங்கிவிடுவோம் என்று பிச்சைமுத்து உறுதியாக நம்பியிருந்தார். குனிந்து பார்த்தார். இறங்கவில்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல், உள்ளே போகச் செருப்பைக் கழற்றக் கையை நீட்டினார்.

“செருப்பு கெடக்கட்டும்ணே” என்றாள் ராமாத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. “ஒங்க காலுலதான் மண்ணு ஒட்டாதே. உள்ள வாங்க.”

அவர் செருப்போடு உள்ளே போனார். காப்பி கொடுத்தாள். சிமெண்டுத் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றபடியே அதைக் குடித்து முடித்தார்.