தங்க மீனுக்குத் துணை

தங்க வயலின் பாலகாட் சுரங்கத்துப் பங்களாவிலிருந்து சீமைக்குத் திரும்பிப் போன துரைசானி, தனக்கு நாலு வருஷம் துணி தைத்துக் கொடுத்த லூயிசாவுக்குத் தன் கண்ணாடித் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். இரும்புச் சட்டம் போட்ட தொட்டி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். உள்ளே இரண்டு தங்க மீன்கள் இருந்தன. மாட்டு வண்டியில் ராபர்ட்சன்பேட்டை வந்து சேர்வதற்குள் ஒன்று செத்துவிட்டது.

மிஞ்சியது மூலையில் போய் நின்றுகொண்டது. பொரி தூவினாலும் வரவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் இப்படித்தான் சுவரோரம் நிற்பார்கள் என்று லூயிசாவுக்குத் தோன்றியது. அவள் அங்கே டீச்சர்.

மறுநாள் காலையில் மீன் கூடையோடு வந்த தாயம்மாவிடம் கேட்டாள். "எனக்கு உயிரோட நாலஞ்சு மீன் வேணும், தாயம்மா."

"கொழம்புக்கு உசுரோட இன்னாத்துக்கு, டீச்சரம்மா?"

"கொழம்புக்கு இல்ல. இதுக்குத் துணைக்கு."

தாயம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தொட்டியருகே குந்தினாள். இருபது வருஷமாக மீன் விற்கிறவள். பேத்தமங்கலம் ஏரியில் அவள் அண்ணன் வலை போடுவான், இவள் கொண்டுவந்து விற்பாள். ஆனால் மீனை மேலிருந்து பார்த்திருக்கிறாளே தவிர, இப்படிப் பக்கவாட்டில், நீந்தும்போது, ஒரு நாளும் பார்த்ததில்லை. தங்க மீன் வாயைத் திறந்து மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையில் ஈ மொய்த்தது.

"செவப்பா ஒரு கூட்டமா சுத்துமே, குஞ்சுங்க, அதைக் கொண்டு வர்றியா?" என்றாள் லூயிசா.

"அது விரால் குஞ்சு. இப்ப அழகாத்தான் கீது. ஆறு மாசம் போனா உங்க தங்கத்த முழுங்கிட்டு வேற எங்கன்னு கேக்கும். நான் பாத்து இட்டாறேன், வுடுங்க."

இரண்டு நாள் கழித்து ஒரு மண்குடத்தில் கொண்டுவந்தாள். ஒரு சின்னக் கெளுத்தி, மூன்று கண்ணாடி மீன். கண்ணாடி மீன் விரல் நீளம்தான். உடம்புக்குள் முள் வரிசை தெரியும். பின்னால் இருக்கிற கூழாங்கல்கூடத் தெரியும். இத்தனை சாதுவான ஜீவன் உண்டா என்று லூயிசா சொன்னாள். தாயம்மாவும் தலையாட்டினாள்.

தங்க மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. லூயிசாவுக்குச் சந்தோஷம் ஒரு வாரம்தான் நிலைத்தது. அதன் விலாவில் ஒரு செதிலைக் காணோம். மறுநாள் மூன்று. அதற்கும் மறுநாள், உள்ளங்கையில் தோல் உரிந்த மாதிரி, வெளிறிய திட்டு.

கெளுத்திமேல்தான் சந்தேகம் போயிற்று. மீசை, முள், பகலெல்லாம் கல்லுக்கடியில் பதுங்கல். லூயிசா அதைப் பிடித்துப் பின்கட்டில் இருந்த மண்தொட்டியில் விட்டாள். முள் குத்தி விரல் வீங்கியது. அப்படியும் செதில் குறைவது நிற்கவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. தாயம்மா சீக்கிரமே கூடையைக் காலி பண்ணிவிட்டு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். லூயிசா பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கைக்குப் பித்தான் தைத்தாள். வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது.

"ஐயோ, பாருங்க!" என்று தாயம்மா லூயிசாவின் கையைப் பிடித்தாள்.

"எங்கே?"

"கண்ணாடிதான். பின்னாடியா போச்சு, சட்டுனு இடிச்சுது, திரும்பிடுச்சு."

லூயிசா ஊசியைக் கீழே வைத்தாள். கண்ணாடி மீன் ஒன்றும் நடக்காததுபோல நின்றது. "இது வாயில ஒண்ணுமே இல்லையே."

"எங்க ஊட்டுக்காரு சுரங்கத்துல ஷிப்ட் முடிஞ்சு மேல வந்தா, அவுரு வாயிலயும் ஒண்ணும் இருக்காது. அப்பவும் தொறக்கச் சொல்லி, தங்கம் கீதான்னு நாக்குக்கு அடியில பாக்குறாங்க." தாயம்மா மடியிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். "ஒண்ணக் குடுங்க. வயித்தப் பாத்துடலாம்."

லூயிசாவுக்கு மனசு வரவில்லை. துணைக்கென்று கொண்டுவந்த மீன். ஆனால் தங்க மீனின் விலாவைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வலைத்துணியை எடுத்து வந்தாள்.

விரல் நீள மீனின் இரைப்பை மிளகளவுதான் இருந்தது. தாயம்மா அதைப் பிளந்து, லூயிசா கொண்டுவந்த சிலேட்டின்மேல் தண்ணீர் விட்டுப் பரப்பினாள். கறுப்புச் சிலேட்டில் மெல்லிய நகத்துண்டுகள் போல, ஒளி ஊடுருவும் செதில்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்ததைக் கத்தி நுனியால் பிரித்தாள். பதினொன்று.

லூயிசா குனிந்து இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

"இருவது வருசமா இத கருவாடு போட்டு வித்துக்கினு இருக்கேன்," என்றாள் தாயம்மா. "ஏரியிலயும் இதான் இதுக்குத் தீனியா? எத்தினி மீனு முதுகு வெளுத்துப்போய் வரும், தெரியுமா? வலை ஒரசுதுன்னு நெனைச்சேன்."

"அப்போ கெளுத்தி?"

"பாவம் அது. மேலுல செதிலே கெடையாது, மத்ததுங்க செதிலு அதுக்கு எதுக்கு?" சொல்லிவிட்டுத் தாயம்மா நிமிர்ந்தாள். "டீச்சரம்மா, மிச்சம் ரெண்டையும் கெளுத்தியோட வுட்டா இன்னா பண்ணும்?"

விட்டார்கள். முதல் இரண்டு நாள் கண்ணாடி மீன்கள் கெளுத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தன. வழவழப்பான உடம்பில் ஒன்றும் பெயரவில்லை. மூன்றாம் நாள் தண்ணீரில் நெளிந்த கொசுப்புழுவைப் பிடிக்க ஆரம்பித்தன. லூயிசா பள்ளிக்கூடம் விட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மண்தொட்டியைத்தான் போய்ப் பார்த்தாள்.

தங்க மீனுக்கு இந்தத் தடவை தாயம்மா ஆறு அயிரை கொண்டுவந்தாள். கொண்டுவருமுன் வேறு நாலைந்தின் வயிற்றை வீட்டிலேயே பிளந்து பார்த்திருந்தாள். சேறும் பாசியும் சின்னப் புழுவும்தான். வாயும் அடியைப் பார்த்து இருந்தது. அவை மணலில் பாதி புதைந்துகொண்டு, தங்க மீன் சிந்திய பொரித்தூளைப் பொறுக்கின. ஒரு மாதத்தில் வெளிறிய திட்டில் புதுச் செதில் மூடியது. நிறம் மட்டும் பழையபடி வரவில்லை.

அதற்குப் பிறகு தாயம்மா எந்த மீனை அறுத்தாலும் வயிற்றைப் பிரித்துப் பார்க்காமல் எறிவதில்லை. வாங்க வந்தவர்கள் கத்தினார்கள். அவள் புருஷன் தங்கவேலு, "மீன் விக்கப் போறியா, ஜோசியம் பாக்கப் போறியா?" என்று கேட்டான். அவள் கண்டதைக் காலையில் வந்து சொல்வாள், லூயிசா பழைய கணக்குநோட்டின் பின்பக்கத்தில் எழுதுவாள்: ஆரல் வயிற்றில் மண்புழு, கெண்டையில் பாசி, குரவையில் தவளைக்குஞ்சு, ஒரு தடவை தன் இனக் குஞ்சு.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் லூயிசா ஜட்கா வண்டியில் பேத்தமங்கலம் போனாள். பிறந்ததிலிருந்து தங்க வயலில் இருந்தும் அந்த ஏரியை அவள் பார்த்ததில்லை. தாயம்மாவின் அண்ணன் வலையைக் கரைக்கு இழுத்தான். வெள்ளைப் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு லூயிசா தண்ணீருக்குள் இறங்கினாள். வலையின் ஓரத்தில், வாலில் கறுப்புப் பொட்டு வைத்த ஒரு குட்டி மீன் துள்ளியது.

"இது யாரோட சேரும், தாயம்மா?"

"தெரியாது," என்றாள் தாயம்மா, குடத்தை நீட்டியபடி. "போடுங்க உள்ள."