லண்டனுக்கு வெளியே ஒரு மாப்பிள்ளை

ஜெகதீஸ்வரனுக்கு உலகத்தில் நாலே நாடுகள்தான்: பிறந்த ஊர், சுவிஸ், கனடா, லண்டன். மற்றதெல்லாம் விமானம் மாறுகிற இடங்கள். பிரித்தானியா, இங்கிலாந்து, ஐக்கிய இராச்சியம் என்றெல்லாம் செய்தியில் சொல்கிறார்களே என்று யாராவது கேட்டால், அதெல்லாம் லண்டனுக்கு அரசாங்கம் வைத்த பட்டப்பெயர்கள் என்பார். ஆளைக் குறை சொல்லவும் முடியாது. சுவிஸின் பேர்ண் நகரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தலை நரைத்தும் பெரிய சட்டிகளோடு மல்லுக்கட்டுகிற மனிதர். அவருடைய அக்கா, மச்சான், ஒன்றுவிட்ட தம்பிமார் என்று அந்தப் பக்கம் போன சொந்தமெல்லாம் லண்டனில்தான் குடியிருந்தது. அதற்கு வெளியே அங்கே மனிதர் வாழ்வார்கள் என்று நினைக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவருடைய ஒரே மகள் சரணியா, பேர்ணில் டிராம் ஓட்டுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, லக்சன் எண்டு ஒராள். எனக்குப் பிடிச்சிருக்கு. நேர்ஸா வேலை செய்யிறார். கிளாஸ்கோ."

"அது எங்கை கிடக்கு?"

"ஸ்கொட்லாந்து."

"லண்டன் எண்டு சொல்லன் பிள்ளை."

"லண்டன் இல்லையப்பா. ஸ்கொட்லாந்து வேற நாடு."

"எல்லாம் ஒண்டுதான். எந்தப் பக்கம் எண்டால் என்ன, மாமி பாத்துக்கொள்ளுவா."

"கலியாணம் முடிய நாங்கள்..." என்று சரணியா தொடங்கினாள். அவர் அதற்குள் அந்த மாமிக்கு, லண்டன் ஹாரோவில் இருக்கும் தன் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

அவர் ஓம் சொன்னது அந்த அக்காவை நம்பித்தான். ஒரே பிள்ளையைத் தெரியாத தேசத்துக்கு அனுப்புகிற தைரியம் அவருக்கு இல்லை. அக்கா இருக்கிற ஊர் என்றால் சரி. பிள்ளைக்கு ஒரு தலையிடி என்றால் அக்கா ரசம் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்விடுவாள். இந்தப் படத்தை மனதில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அவருக்கு நித்திரை வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை திரிம்பாக் ஊர்த் தமிழ்க் கோயிலில் கண்டவர் காதிலெல்லாம் "மகளுக்கு லண்டன் மாப்பிள்ளை" என்று போட்டுவிட்டும் வந்தார். மனைவி செல்வராணி மட்டும், "பிள்ளை என்னவோ சொல்ல வெளிக்கிடுறாள், ஒருக்கா வாயை மூடிக்கொண்டு கேளுங்கோவன்" என்று சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

மாப்பிள்ளை வீட்டார் பேசிமுடிக்க வருகிற நாளும் வந்தது. வீட்டார் என்றால் இரண்டே பேர், லக்சனும் தகப்பன் உருத்திரமூர்த்தியும். தாய் காலமாகிவிட்டாள். வருகிறவர்களுக்கு மரியாதை செய்ய ஜெகதீஸ்வரன் ஒரு யோசனை பண்ணினார். வேலையிடத்தில் ஒரு சுவிஸ்காரனிடம் இங்கிலாந்துக் கொடி எது என்று கேட்டு, அதன் படத்தைக் கைத்தொலைபேசியில் வாங்கிக்கொண்டார். வின்டர்தூரில் கேக் செய்கிற ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் சொல்லி, பாதி கேக்கில் சுவிஸ் கொடியும் மறுபாதியில் அந்தக் கொடியும் போடுவித்தார். ஒன்று சிவப்பில் வெள்ளைச் சிலுவை, மற்றது வெள்ளையில் சிவப்புச் சிலுவை. ஆள் பூரித்துப்போனார்.

"பாத்தியோ செல்வராணி, நிறம்தான் மாறிக் கிடக்கு. இதைவிடப் பொருத்தம் எந்தச் சாத்திரியார் பாத்துச் சொல்லுவார்?"

உருத்திரமூர்த்தி பட்டுவேட்டி கட்டி, அதற்குமேல் கட்டம் போட்ட கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு வந்தார். கிளாஸ்கோவில் கடை வைத்திருக்கிறவர். நல்ல உயரம், குறைந்த பேச்சு. வாசலில் நிறைகுடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே வந்து கேக்கைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது ஆரின்ரை கொடி?"

"உங்கட கொடிதான் அண்ணை. இங்கிலாந்து."

"எங்கடது நீலத்தில வெள்ளைக் குறுக்கு. இது பக்கத்து நாட்டான்ரை."

லக்சன் மெதுவாக, "பரவாயில்லை அப்பா, விடுங்கோ" என்றான். ஆனால் ஜெகதீஸ்வரன் விடுகிற ஆளா?

"அண்ணை, பாஸ்போட் ஒண்டுதானே?"

"பாஸ்போட்டில பிரிட்டிஷ். அதுக்காக இங்கிலாந்துக்காரர் ஆகேலுமோ? நீங்கள் இஞ்சை வந்த புதுசில உங்களை இந்தியர் எண்டு சொன்னவங்களோ இல்லையோ?"

"சொன்னவங்கள்."

"எரிஞ்சதோ?"

"எரிஞ்சது" என்று ஜெகதீஸ்வரன் உண்மையை ஒப்புக்கொண்டார்.

உருத்திரமூர்த்தி கொஞ்சம் இளகினார். பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "இந்த வடை இங்கிலாந்து. முறுக்கு நாங்கள், ஸ்கொட்லாந்து. இந்தச் சின்ன லட்டு வேல்ஸ். இந்த மூண்டும் கிடக்கிற தட்டுத்தான் பிரித்தானியா. அங்காலை கோப்பையில தனியக் கிடக்கிற பணியாரம் வட அயர்லாந்து. தட்டையும் கோப்பையையும் சேத்தால்தான் ஐக்கிய இராச்சியம்."

"அப்ப லண்டன் எங்கை?"

உருத்திரமூர்த்தி வடையைத் திருப்பி, அதன் கீழ் ஓரத்தில் இருந்த ஒரு மிளகைத் தொட்டுக் காட்டினார்.

"நல்ல முறுக்காத்தான் எடுத்திருக்கிறியள் அண்ணை" என்று செல்வராணி சிரித்தாள். "ஃபுட்போலில தனித்தனி அணியா வாறதும் இதாலையோ?"

"ஓம் தங்கச்சி. இவன் கதைக்கிற இங்கிலீஷும் இங்கிலாந்துக்காரனுக்கு விளங்காது."

"இஞ்சை நாங்கள் கதைக்கிற சுவிஸ் டொய்ச் பாஷையும் ஜேர்மன்காரருக்கு விளங்காது!" என்று சரணியா சொல்ல, வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர.

ஜெகதீஸ்வரன் முறுக்கையும் மிளகையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஹாரோவில இருந்து உங்கட வீட்டுக்கு எவ்வளவு தூரம்?"

"இஞ்சையிருந்து பாரிஸுக்குப் போறதைவிடத் தூரம்."

அக்காவும் ரசமும் பஸ்ஸும் ஒன்றாகக் கவிழ்ந்தன. அங்கே பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? யாருமில்லை. "கொஞ்சம் யோசிக்கோணும் போல கிடக்கு" என்றார் நிலத்தைப் பார்த்தபடி.

சரணியாவின் முகம் செத்துப்போனது. "யோசிக்கிறதோ? ஓம் எண்டு சொன்னனீங்களெல்லோ அப்பா?"

"மாமியை நம்பித்தான் பிள்ளை சொன்னனான். இவ்வளவு தூரத்துக்கு உன்னை எப்பிடி விடுறது?"

உருத்திரமூர்த்தி நிமிர்ந்தார். இந்தமுறை குரல் உயர்ந்தது. "நீங்கள் என்னத்தை யோசிக்கிறது? யோசிக்கவேண்டியவன் நான். பிள்ளை எங்கையும் போகேல்லை. இவன்தானே இஞ்சை வாறான்!"

ஜெகதீஸ்வரன் வாயைப் பிளந்துகொண்டு மகளைப் பார்த்தார்.

"போன வருசம் தொடக்கம் டொய்ச் படிக்கிறார் அப்பா. கலியாணம் முடிஞ்சாப்பிறகு இஞ்சை வந்து இருக்கிறதெண்டுதான் கதைச்சு வைச்சனாங்கள். நான் வாய் திறக்கேக்கை எல்லாம் நீங்கள் மாமியோடை ஃபோனில நிண்டனீங்கள்."

ஜெகதீஸ்வரனுக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. பிள்ளை போகமாட்டாள்! இதே பேர்ணில், இதே டிராமில் இருப்பாள்! கடவுளே என்று கையெடுக்கப் போனவர், எதிரே இருந்த மனிதரின் முகத்தைக் கண்டு கையை இறக்கிக்கொண்டார்.

"மனிசி போனாப்பிறகு எனக்கு இவன் ஒருத்தன்தான்" என்றார் உருத்திரமூர்த்தி. "கடையைப் பூட்டிப்போட்டு மேல ஏறினால் வீட்டில வெளிச்சம் எரியும். இனி எரியாது. சரி, பிள்ளையின்ரை சந்தோசம் எண்டு வந்தன். வந்து பாத்தால், அவன் எந்த நாட்டுப் பெடியன் எண்டுகூட இந்த வீட்டில தெரியாது. இஞ்சை எனக்கு அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. ஆரை நம்பி விடுறது, சொல்லுங்கோ?"

ஜெகதீஸ்வரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இது அவருடைய பயம்தான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இத்தனை நாளும் அதைச் சுமந்த மனிதர் இவர். தானோ ஒரு அக்காவைச் சாட்டி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். எழுந்து போய் உருத்திரமூர்த்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணை, நாடு எனக்குத் தெரியாது. பிழைதான். பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ. காலமை என்ன சாப்பிடுவான்?"

உருத்திரமூர்த்தி அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "ஓட்ஸ் கஞ்சி" என்றார். "தண்ணியிலதான் காய்ச்சோணும். சீனி போட்டால் தொடமாட்டான், உப்புத்தான்."

"ஆறவிட்டோ, சுடச்சுடவோ?"

"சுடச்சுட. குளிருக்கை தொப்பி போடமாட்டான், பிறகு காது குத்துதெண்டு நிப்பான். நீங்கள்தான் சொல்லோணும்."

"அப்பா!" என்று லக்சன் முகம் சிவந்தான்.

"நீ சும்மா இரு தம்பி. சொல்லுங்கோ அண்ணை, வேற என்ன?"

உருத்திரமூர்த்தி சொல்லிக்கொண்டே போனார். கோபம் வந்தால் மகன் பேசாமல் பாத்திரம் கழுவுவான் என்றார். தாயின் திவசத்தன்று அவனைத் தனியே விடவேண்டாம் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. ஜெகதீஸ்வரன் குறுக்கே ஒரு சொல் போடாமல் கேட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். செல்வராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கள் கவலைப்படாதேங்கோ அண்ணை" என்றார் ஜெகதீஸ்வரன் கடைசியில். "கஞ்சி ஒவ்வொரு காலமையும் நானே காய்ச்சிக் குடுப்பன்."

"அப்பா, நாங்கள் வேற வீட்டிலதான் இருக்கப்போறம்" என்றாள் சரணியா.

"இருங்கோவன். நான் கொண்டுவந்து தாறன்."

அதைக் கேட்டுத்தான் உருத்திரமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் நிற்க நிற்கச் சிரித்தார். பிறகு சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, ஜெகதீஸ்வரனின் தோளில் கை வைத்தார்.

"அப்ப எனக்கும் ஒரு கோப்பை சேத்துக் காய்ச்சுங்கோ, தம்பி. முதல் மாசம் நானும் இஞ்சைதான் நிக்கப்போறன்."