வில்பர்ட் ஸ்டோவ்னருக்கு வந்த விதம்

2003ஆம் ஆண்டு, பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோர்வேயின் ஒஸ்லோ நகரத்து ஸ்டோவ்னரில் சத்தியபாமா வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து, தூக்கில் தொங்கவேண்டிய ஒருவன் இறங்கி வந்தான். பெயர் வில்பர்ட். ஹொலிவுட் படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் எடுத்து, பரிசும் வாங்கிய ஒரு குற்றக் குறும்படத்தில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவன். வங்கி முதலாளியைக் கொன்றது முதலாளியின் தம்பி. தூக்குமேடை ஏறுவது வில்பர்ட். நூலகத்திலிருந்து அந்த இறுவட்டை எடுத்துவந்த கணவர் வரதராசா, அதன் ஒளியமைப்பை மெச்சி மெச்சித் திரும்பத் திரும்பப் போட்டார். துப்பறிவாளன் வாசலுக்கு வரும்வரை வில்பர்ட் கதிரையை விட்டு அசையாதது சத்தியபாமாவுக்குப் பொறுக்கவில்லை.

“பின்கதவு பூட்டேல்லையடா மோனை, ஓடு!” என்று கத்தினாள்.

வில்பர்ட் திரும்பிப் பார்த்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைத் தாண்டி, கம்பளத்தில் கால் வைத்தான். தலை முதல் கால் வரை கறுப்பு வெள்ளை. வாய் திறந்தால் பழைய இசைத்தட்டுப் போலக் கரகரத்தது. சத்தியபாமா புட்டும் சம்பலும் வைத்தாள். உதட்டில் பட்டதும் சம்பலின் சிவப்புப் போனது, உறைப்புப் போகவில்லை.

மறுநாள் துப்பறிவாளன் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினான். வில்பர்ட் குளியலறைக்குள் ஒளிந்தான். வரதராசா தேநீர்க் கோப்பையோடு அறைக்குள் போய்விட்டார். சத்தியபாமா போகவில்லை. முன்பு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தன் தம்பி பரணில் ஒளிந்து கிடக்க, வாசலில் துவக்கோடு நின்றவர்களிடம் அன்று சொன்னதையே சொன்னாள்.

“இஞ்சை ஒருத்தரும் வரேல்லை.”

அன்று அவர்கள் நம்பவில்லை. துப்பறிவாளன் நம்பினான். தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டுத் திரும்பிப் போனான். சத்தியபாமா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் அழுதாள்.

கைதுசெய்ய வேறு ஆள் இல்லாததால், துப்பறிவாளன் முதலாளியின் தம்பியைப் பிடித்தான். உலகத்திலிருந்த எல்லாப் பிரதிகளிலும் முடிவு அப்படியே மாறிப்போனது. அந்த நியாயமான முடிவுக்காகவே பரிசு கிடைத்தது என்று சினிமா அறிந்தவர்கள் எழுதினார்கள்.

வில்பர்ட் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு பேக்கரியில் சேர்ந்தான். மேலெல்லாம் மாவு, யாரும் கவனிக்கவில்லை. குளிர்காலத்து ஒஸ்லோவில் எவருக்கும் பெரிதாக நிறம் இருப்பதுமில்லை. நொஸ்க் மொழியும் தமிழும் கரகரப்போடு பழகினான். சில ஆண்டுகளில், அங்கே கேக்குக்குப் பூ வரையும் கிருஷ்ணகுமாரிக்கு அவனைப் பிடித்துப்போனது. ஊரிலிருந்த அவளுடைய தாய் சத்தியபாமாவிடம் தொலைபேசியில் விசாரித்தார்.

“பெடியன் என்ன நிறம்?”

“சாம்பல்.”

“அது பரவாயில்லை. குடி கிடி இருக்கோ?”

“இல்லையக்கா, தேத்தண்ணி மட்டும்தான்.”

தை மாதத்தில் கலியாணம் நடந்தது. கலியாணப் புகைப்படம் எடுத்தவர் மாப்பிள்ளை பக்கம் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.