நாலு இருபது உறுமல்

தேவாரம் ஊரில் இமானுவேலின் வயிறு முதன்முதலாக உறுமியது ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாம் வாரம், மாலை நாலு இருபதுக்கு. அதைக் கேட்டுக் கோம்பையிலிருந்து முதல் நாய் வந்து சேர்ந்தது ஐந்தரைக்கு. செவலை உடம்பு, கரிய மூஞ்சி. பன்றி வேட்டைக்குப் பழக்கிய சாதி. அது குரைக்கவில்லை. வாசலுக்கு எதிரே தெருவில் உட்கார்ந்து பையனின் வயிற்றையே பார்த்தது. பையனுக்குப் பத்து வயது. மறுநாள் இரண்டு நாய்கள் வந்தன. சாரல் அந்த வருஷமும் பிந்தித்தான் வந்தது.

அம்மா அனிதா மேரிக்குக் கம்பம்மெட்டுக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிற வேலை. விடிகாலை ஐந்துக்கு ஜீப் ஏறினால் திரும்ப ஆறரை. அப்பா போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில். பள்ளி விட்டு வந்தால் இமானுவேலும் பூட்டும்தான். கோடை முடிவதற்குள் நாலு விரல் உயர்ந்திருந்தான். பள்ளிச் சத்துணவு மூன்று மணிக்கே கரைந்துவிடும். கதவு ஆணியில் அனிதா மேரி சரம் சரமாக மசாலா சிப்ஸ் பாக்கெட் தொங்கவிட்டிருந்தாள். மூன்றைப் பிரித்துக் கொட்டிக்கொண்டால் உறுமல் பத்து நிமிஷம் அடங்கும். பிறகு, ஏமாற்றப்பட்ட கோபத்தில் வருவதுபோல் இரண்டு மடங்காக வரும்; அலமாரித் தட்டுகள் கிடுகிடுக்கும். கிறிஸ்துமஸுக்குள் பத்தொன்பது நாய்கள். தபால்காரர் தெருமுனையோடு நின்றுகொண்டார். அனிதா மேரியைக் கலக்கியது எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு வாரமும் அவை ஒரு சாண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தன. ஜனவரியில் படிக்கு வந்தன. பிப்ரவரியில் கதவின் அடிப்பலகையில் நகக்கீறல் விழுந்தது.

கோம்பைக்காரர்கள் வந்து சங்கிலி போட்டு இழுத்துப் போனார்கள். மறுநாள் நாலரைக்குச் சங்கிலிகள் அறுந்து கிடந்தன. வந்தவர்களில் வேட்டைக்காரர் ஒருவர், மழை நிலவரம் சொல்வதுபோல் சொன்னார்: “நாய்க மேல தப்பில்லத்தா. உள்ள கெடக்குறது பன்னியவிடப் பெருசு. ஒருநா வெளிய இழுத்துப் போட்டுட்டுத்தான் போகும்.”

பிள்ளைக்குள் பிசாசு இருக்கிறது என்று அனிதா மேரி முடிவுகட்டியது அன்றைக்குத்தான். தவக்காலம் தொடங்கும் நேரம். ஒரு வேளை மட்டும் உண்கிற ஒருசந்தி அவளுக்குப் பழக்கம். சிறுபிள்ளைகளுக்கு அந்தக் கடமை இல்லை என்பது பங்குக் கோயிலில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் விபூதிப் புதனன்று பாக்கெட் சரத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். பள்ளிச் சாப்பாட்டோடு சரி, மற்றபடி தண்ணீர் மட்டும் என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பட்டினி போட்டால் பிசாசு ஓடிவிடும் என்பது அவள் கணக்கு.

மூன்றாம் வெள்ளிக்கிழமை, ஜீப் மேட்டிலிருந்து இறங்கிக் கம்பத்தில் நின்றது. பக்கத்து இருக்கை மூக்கம்மாள் தன் பிள்ளைகளுக்கென்று அவித்த கடலை வாங்கிக்கொண்டாள். கோம்பைக்குள் நுழைந்ததும் டிரைவர் சுருளிராஜன் வழக்கம்போல் ஹாரன் அடித்தான். எழுந்து வழிவிட ரோட்டில் ஒன்றும் படுத்திருக்கவில்லை. ஊரில் ஒரு நாய்கூட இல்லை. அனிதா மேரி மூக்கம்மாள் பக்கம் திரும்பினாள். மகனுக்குப் போட்ட ஒருசந்தி விஷயத்தை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள்.

“ஏ கூறுகெட்டவளே, அது பேயில்லடி, பசி” என்றாள் மூக்கம்மாள். “வளர்ற புள்ளைக்கு வயிறு கத்தாம பின்ன என்ன செய்யும்? சாமி உன்னையத்தான கேட்டாக, அவனையா கேட்டாக?” சொல்லிக்கொண்டே தன் தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள். மத்தியானம் மிச்சம் வைத்த முருங்கைக்கீரை போட்ட கேப்பை ரொட்டி இரண்டு கிடந்தன. சுருளிராஜன் பண்ணைப்புரம் வளைவில் பிரேக்கைத் தொடவே இல்லை.

வீட்டுக் கதவு பெயர்ந்து கிடந்தது. உள்ளே அறுபது நாய்கள். நடுவில் இமானுவேல் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜூனில் முதன்முதலாக வந்த அதே நாயின் மூக்கு, அவன் சட்டைப் பொத்தானிலிருந்து நாலு விரல் தூரத்தில். உறுமலில் சுவரில் மாட்டிய செபமாலை ஆடிக்கொண்டிருந்தது.

“அம்மா, நா ஒண்ணுமே திங்கலம்மா. தண்ணிதான் குடிச்சேன்.”

அனிதா மேரி நாய்களின் முதுகுகளைத் தாண்டிப் போய் ரொட்டியைப் பிய்த்து அவன் வாயில் வைத்தாள். மூக்கம்மாள் கடலையை உரித்து உரித்துப் போட்டாள். மேட்டில் ஏறி முடித்த ஜீப் போல உறுமல் வாய்க்கு வாய் தணிந்தது. இரண்டாவது ரொட்டியும் இரண்டு கை கடலையும் உள்ளே போனதும் ஒரு ஏப்பம் வந்தது. முதல் நாய் தும்மியது. எழுந்து வெளியே நடந்தது. மற்றவை வரிசையாகப் பின்னால் போயின.

பாவசங்கீர்த்தனத்தில் அவள் இதைச் சொன்னதும் சாமியார், பரிகாரமாக மகனுக்குப் பயறு ஊறப்போடச் சொன்னார். அதுமுதல் ஜீப் ஏறுமுன் பெண்கள் முறைவைத்து இமானுவேலுக்கு ஒரு தூக்குவாளி நிரப்பிவைத்தார்கள்: கேப்பைப் புட்டு, தட்டாம்பயறுச் சுண்டல், எள்ளுருண்டை, வியாழனுக்கு அவித்த முட்டை. நாலு இருபதுக்கு நாய்கள் தெருமுனை வரை வரும், காதைத் தூக்கி மெல்லுகிற சத்தத்தைக் கேட்கும், திரும்பிவிடும். அவை வராவிட்டால் அன்றைக்குப் பள்ளி லீவு என்று ஊர் தெரிந்துகொண்டது. ஈஸ்டருக்குள் இமானுவேல் இன்னும் இரண்டு விரல் வளர்ந்தான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்டத்தில் மருந்தடிப்பு, அனிதா மேரி வீட்டிலிருந்தாள். நாய்கள் தெருமுனையில் நிற்கவில்லை. அவள் வாசலையும் கடந்துபோய், நாலாவது வீட்டில் புதிதாகக் குடிவந்த செல்லப்பாண்டியின் கதவுக்கு எதிரே உட்கார்ந்தன. அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள். குரைப்பில்லை. அனிதா மேரி வாளியில் மீந்த சுண்டலைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு போனாள். “ஏலே, தள்ளு” என்று முதல் நாயை முழங்காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைத் தட்டினாள்.