நெற்றிக்குப் பின்னால்

அந்தத் தெருவில் அவருக்குச் சைரன் என்றுதான் பெயர். ஆம்புலன்ஸ் ஓட்டியவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சட்டைப் பையில் முடங்கிக் கிடந்தது. சின்னவர்களுக்குச் சைரன் மாமா, பெரியவர்களுக்குச் சைரன் அண்ணன். கட்டிக்கொண்டவளே கோபம் வந்தால், "சைரன் கொஞ்சம் ஓயுதா?" என்று கேட்பாள். அவள் கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்குள் கண்ணாடியைப் பொருத்திக் கொடுப்பவள். அதனால் அவள் கண்ணாடிக்காரி.

சைரன் நல்ல மனிதர். போகிற போக்கில் யாரைப் பற்றியும் சொல்லிவிடக்கூடிய வார்த்தைதான். ஆனால் அவர் விஷயத்தில் அதற்குப் பொருள் இருந்தது. வண்டியிலேயே உயிர் போய்விட்டால், சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "தனியா படுத்திருக்காங்கல்ல" என்பார். ஒரு குடிகாரன் வண்டி முழுக்க வாந்தி எடுத்தபோது முதலில் அவன் முகத்தைக் கழுவிவிட்டு, அப்புறம்தான் வண்டியைக் கழுவினார். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. "நம்ம வண்டியில ஏறினவன் ஒருத்தனாவது வேகம் பத்தலன்னு திரும்பி வந்து சண்டை போட்டிருக்கானா, சொல்லு?"

அவர்கள் வீட்டில் எந்தப் படமும் மாட்டியதில்லை, எந்தத் திசையையும் பார்த்துக் கைகூப்பியதில்லை. கீழ்வீட்டுக்காரிக்கு அது பெரிய குறை. மாடிக் கொடியில் காயும் துணியிலிருந்து அவள் ஜன்னலில் தண்ணீர் சொட்டும்போதெல்லாம், "எதையும் கும்பிடாத வீடு, தண்ணி மட்டும் ஒழுங்கா விழுமா?" என்று அண்ணாந்து பார்த்துக் கத்துவாள். வண்டிக் கொட்டகை மெக்கானிக்கும் ஒருமுறை கேட்டிருக்கிறார்: "உனக்குத்தான் மேல ஒருத்தன் பாக்குறான்கிற பயமே கிடையாதே. அப்புறம் எதுக்கு இவ்வளவு நேர்மையா இருக்க?"

"அடுத்தவனுக்கு வலிச்சா எனக்குத் தெரியுது. வேற என்ன காரணம் வேணும்?" என்றார் சைரன்.

அந்தப் பதிலில் கண்ணாடிக்காரிக்கு ரகசியமாக ஒரு பெருமை உண்டு. உலகத்து நல்லதுக்கெல்லாம் தன் வீட்டில் ஒரு ஊற்று இருப்பதுபோல.

அது வற்றத் தொடங்கியதை அவள் முதலில் பார்த்தது ஒரு சாவு வீட்டில். கூட வண்டி ஓட்டியவர் திடீரென்று செத்துப்போயிருந்தார். அவர் மனைவி அழுது ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவர்களை நிமிர்ந்து பார்த்தாள். சைரன் சிரித்தார். "மூக்கு எப்படி ஒழுகுது பாரு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. கண்ணாடிக்காரி அவர் கையைக் கிள்ளினாள்.

"ஏன் கிள்ளுற?" என்று அதையும் சத்தமாகவே கேட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். முகத்தில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. "சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். விடேன்" என்றார்.

அதிர்ச்சியில் அப்படி ஆகியிருக்கும் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது அதிக நாள் தாங்கவில்லை. நெஞ்சுவலிக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனவர், வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிதானமாக டீ குடித்தார். பின்னாலிருந்து நர்ஸ் கதவை இடித்துக் கதறியும் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் ஏறினார். நோயாளி பிழைத்தது அவருடைய ஆயுசு கெட்டி. சைரனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தெரு தனக்குத் தெரிந்த காரணத்தையெல்லாம் சொல்லிப் பார்த்தது. குடி என்றது, பெண் விஷயம் என்றது. கடைசியில், "இவ்வளவு நாளும் நடிச்சிருக்கான், இப்பதான் உள்ள இருந்தது வெளிய வருது" என்று முடித்தது. அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கடைசிப் பேச்சுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர். அவர் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கத்துத் திருகாணி தளர்ந்து சட்டம் கோணியிருந்தது. பேச்சைக் கேட்க பயந்து அவள் அந்தத் திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இப்போதைக்குப் போகாதும்மா. உங்களைத் தெரியும், வீட்டுக்கு வழி தெரியும்" என்று சொல்லி, டாக்டர் தன் நெற்றியில் விரலை வைத்தார். "இதுக்குப் பின்னாடி ஒரு இடம் இருக்கு. நாம ஒண்ணு பண்ணினா எதிர்ல இருக்கவங்களுக்கு எப்படி இருக்கும்னு உணர்றது, கூச்சம், இரக்கம் எல்லாத்துக்கும் அந்த இடம் வேணும். இவருக்கு அது சுருங்கிட்டே வருது."

"மருந்து?"

"அமைதிப்படுத்த இருக்கு. திரும்பக் கொண்டுவர இல்ல."

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, சார். இது நோயா, இல்ல அவரு மனசே இப்படி மாறிடுச்சா?"

டாக்டர் கோணிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ரெண்டும் வேற வேறன்னு சொல்ல எனக்குத் தெரியலம்மா" என்றார். அதற்குள் சைரன் மேசைமேலிருந்த டாக்டரின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அவள் அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தைலம் தேய்த்துவிட்ட நெற்றி, காய்ச்சலில் கை வைத்துப் பார்த்த நெற்றி. தான் வாழ்ந்த வாழ்க்கையெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு கைப்பிடிச் சதையோடுதானா? அவர் நல்லவராக இருந்தார் என்றால், அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதானா? இதை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்பென்றால் அவரிடமே கேட்டிருப்பாள்.

தனியாக விட முடியாததால் கடைக்கு அழைத்துப் போனாள். முதலாளி மறுக்கவில்லை. அவருடைய அம்மாவை லிஃப்ட் ஓடாத கட்டடத்திலிருந்து தோளில் சுமந்து இறக்கியவர் சைரன். "அண்ணன் இருக்கட்டும்மா, அவர் இல்லாம எங்கம்மா ஏது" என்று கண்கலங்கினார். சைரன் எழுத்துப் பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சோதனைக்கு வந்தவர்கள் திணறும்போது எழுத்தை உரக்கச் சொல்லிக் கொடுத்தார். அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் பார்வை மங்கிய ஒரு பெண்மணியின் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி, தன் நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். அந்தம்மா இரண்டு கைகளாலும் காற்றைத் துழாவி, "யாருப்பா, குடுத்துடுப்பா" என்று கெஞ்சியதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் முதலாளி கண்ணாடிக்காரியிடம், "நாளைலேருந்து..." என்று இழுத்தார். அவள் கருவிப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டாள். முதலாளியின் நன்றியும் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்கு அவ்வளவுதான் எல்லை.

கட்டிக்கொடுத்திருந்த மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது நடந்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தாத்தா அதன் தொடையைக் கிள்ளினார். அலறியது. அழுகை நிற்கும்வரை காத்திருந்து, மறுபடி கிள்ளினார். பொம்மையை அழுத்திப் பார்ப்பதுபோல.

மகள் பையை அடுக்கினாள். "அப்பா வேணும்னே பண்றாரும்மா."

"வேணும்னு பண்றதுக்கு அங்க ஆளே இல்லடி."

"அப்ப நீ யாருக்காக இங்க இருக்க? எங்கூட வந்துடு."

பாசம் என்று சொல்ல கண்ணாடிக்காரிக்கு வாய் வரவில்லை. தெரு என்ன சொல்லும் என்பதா? செய்து செய்து கை பழகிவிட்டதா? மகள் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தன் ஆயுளில் அவள் ஒருவரையும் அடித்ததில்லை. அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "சாப்பாடு எப்ப?" என்றார். அவள் பரிமாறினாள். அடுத்த அடி அதைவிடச் சுலபமாக வந்தது.

மழைக்காலத்தில் ஒரு மதியம் சமையலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. எழ முடியவில்லை.

"ஏங்க! இங்க வாங்களேன்!"

டிவி முன்னாலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். "விழுந்துட்டியா?"

"ஆமாங்க. கால அசைக்க முடியல. கீழ்வீட்டு அக்காவக் கூப்பிடுங்க. ஓடுங்க."

"சரி" என்றார். அவளைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே வந்து, ஒரு வாழைப்பழத்தை உரித்து, நின்றபடியே தின்றார். தோல் அவள் கைக்குப் பக்கத்தில் விழுந்தது.

"என்னங்க, வலி உயிர் போகுதுங்க. போய்க் கூப்பிடுங்க."

"காதுல விழுந்துச்சு" என்றார். மறுபடி அவளைத் தாண்டிப் போனார். அவள் கதறினாள். கொஞ்ச நேரத்தில் டிவிச் சத்தம் கூடியது. அவள் குரல் இடைஞ்சலாக இருந்ததால் அவர்தான் கூட்டினார். அவள் இன்னும் கதற, அவர் இன்னும் கூட்டினார்.

அந்தச் சத்தம்தான் கீழ்வீட்டுக்காரியைப் படியேற வைத்தது. சண்டைக்குத்தான் வந்தாள். கதவை உடைக்கிற மாதிரி இடித்தாள். அதுவும் இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும், சைரன் திறந்தார். "அவ விழுந்துட்டா. சும்மா கத்துறா" என்று புகார் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கீழ்வீட்டுக்காரி சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "அடிப்பாவி" என்றாள். அடுத்த நிமிஷம் ஈரத்தில் மண்டியிட்டு அவள் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தாள். வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தது. தரையைத் திட்டியது, டிவியைத் திட்டியது, சைரனைத் திட்டியது, எல்லாவற்றுக்கும் மேலாக அவளைத் திட்டியது. "இப்படிக் கிடக்கிறவ ஒரு குரல் ஜன்னல் வழியா குடுத்தா என்னடி? தண்ணி மட்டும் ஊத்தத் தெரியுதுல்ல!" கை அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

அந்த வலியிலும் கண்ணாடிக்காரிக்கு அழுகை வந்தது. அது நன்றியில் வந்த அழுகை இல்லை. இந்தக் கையை இப்போது அசைப்பதும் நெற்றிக்குப் பின்னாலிருக்கும் அதே இடம்தானே என்று தோன்றியது. இவளுக்கு அது இன்னும் காயவில்லை. காயாதிருக்க இவள் ஒன்றும் செய்யவில்லை, காய்வதற்கு அவரும் ஒன்றும் செய்யவில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவர் சைரனிடம் தொழில் பழகியவர். "அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று கையைப் பிடித்தார். சைரன் கையை உதறிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் சைரன் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

அவளுக்கு இடுப்பில் தகடு வைத்தார்கள். அவரை ஊருக்கு வெளியே இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் மகள் சேர்த்தாள். ஊன்றுகோல் பிடித்து நடக்க வந்ததும் கண்ணாடிக்காரி பார்க்கப் போனாள். நீளக் கூடம், இரண்டு வரிசை இரும்புக் கட்டில்கள், பினாயில் வாடை. பக்கத்துக் கட்டில்காரரைக் கடித்துவிட்டார் என்று சைரனின் இரண்டு மணிக்கட்டுகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். துணி அழுந்திய இடம் சிவந்திருந்தது. அவர் இப்போது அதிகம் பேசுவதில்லை.

"கொஞ்சம் தளர்த்தட்டுமா?" என்று அங்கிருந்த நர்ஸிடம் கேட்டாள்.

"வேணாம்மா. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

நர்ஸ் திரும்பியதும் ஒரு முடிச்சை அவிழ்த்தாள். சிவந்த இடத்தைத் தடவிவிட்டாள். அவர் கையை மெல்லத் தூக்கினார். கன்னத்தைத் தொடப் போகிறார் என்று நினைத்து அவளும் குனிந்தாள். அவர் அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். ஊன்றுகோல் நழுவ, கட்டில் சட்டத்தில் இடுப்பு மோதி அவள் அலறினாள். அவர் கண் அவள் முகத்தில்கூட இல்லை, மேலே ஓடிய மின்விசிறியில் இருந்தது. நர்ஸ் ஓடி வந்து விரல் விரலாகப் பிரித்தாள்.

"தள்ளுங்கம்மா, நான் கட்டுறேன்."

"இல்ல. நானே கட்டுறேன்" என்றாள் அவள்.

பொடித் திருகாணிகளைத் திருகிப் பழகிய விரல்கள். முடிச்சு கச்சிதமாக விழுந்தது. முன்பிருந்ததைவிட இறுக்கமாக. தோல் வெளுத்துப் பிறகு சிவந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்குள் ஏதாவது அசையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை. இடுப்புக்குப் படம் எடுத்தபோது அவள் தலையையும் சேர்த்து எடுத்துப் பார்த்திருந்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை என்றிருந்தார்கள்.

"அடுத்த வாரம் வருவீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"பாக்கலாம்."

அடுத்த வாரம் போனாள். அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை. அப்புறம் செய்தி வந்தபோது மட்டும். நெஞ்சில் சளி கட்டி அவர் போய்ச் சேர்ந்தார். மகள் தன் சின்ன வயது அப்பாவை நினைத்து விழுந்து விழுந்து அழுதாள். கண்ணாடிக்காரி ஆக வேண்டிய எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னாள், தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். கண்ணாடிக் கடை முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் மாதிரி ஒரு மனுஷன் கிடையாதும்மா. கடைசிவரைக்கும் நீங்களும் எப்படிப் பாத்துக்கிட்டீங்க! உங்க மனசு யாருக்கு வரும்?" என்றார்.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். மனதாரத்தான் சொன்னார். "உக்காருங்க" என்றாள்.