ஏழு அறைகளும் ஓர் ஆமையும்

1

தலையில் கைவைத்துச் சொல்கிறேன் (என் தலையில்தான், அடுத்தவர் தலையில் கைவைத்துப் பழக்கமில்லை): கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கதை பிறந்தது மட்டும் ஒரு பொய்யில். கடல் தாண்டி மனைவி மகளோடு குடியிருக்கும் ஒருவர், ஊரிலிருக்கும் பழைய நண்பரிடம் போனில், "நமக்கென்ன மச்சான், ஏழு ரூம்" என்று சொல்லிவைத்தார். சில வருடம் கழித்து நண்பர், "அப்ப நான் வந்து தங்கறதுல சிரமமில்லையே மாப்ள" என்றார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், விமான நிலைய வாசலில் —

மழையை நிறுத்திவிட்டேன். சோபா தூக்க வேண்டிய கதை இது, நனைந்தால் கனம்.

மறுபடியும். இருந்தது ஒரே அறை. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்று சமையலறைக்குள் திறக்கும், மற்றது நடைக்கு. சமையலறையிலிருந்தும் நடைக்குப் போகலாம். வாசகர் எதை மறந்தாலும் இந்தக் கதவுகளை மறக்கக் கூடாது; கதையே இவற்றின் கீலில்தான் ஆடுகிறது.

நண்பர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் காதில் ஏறிய சேதி எல்லா நிறுத்தத்திலும் இறங்கும். ஆக, சந்தியில் நின்றது வீட்டுக்காரரின்* மானம்.

*வாடகை வீடுதான். மனைவி "எங்க வீட்டுக்காரர்" என்று சொல்வதால் நானும் சொல்கிறேன்.

3

மனைவியை முதல் படியில் கோபக்காரியாக எழுதினேன். பொருந்தவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஏங்க, ஏழு ரூம் இருக்குன்னு எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. பெருக்கியாவது வச்சிருப்பேன்."

வீட்டுக்காரருக்கு மரச்சாமான் கடையில் வேலை. வெறும் மூலையை இன்று படுக்கையறையாகவும் நாளை உணவறையாகவும் ஜோடித்துக் காட்ட வேண்டும்.

"ரூம் ஒண்ணுதான். ஆனா அவன் ஏழு தடவை நுழைவான்" என்றார்.

4

கண்டக்டர் வந்தார். முதலில் விருந்தினர் அறை. கட்டிலில் மல்லாந்து படுத்து அலுப்பு முறித்தார்.

"மாமா, டீ ஆறுது" என்று மகள் சமையலறைக்கு அழைத்துப் போனாள். டம்ளர் காலியாவதற்குள் கட்டில் சுவரோரம் நிமிர்ந்தது. அதன் அடிப்பலகையில் தீட்டியிருந்த புத்தக முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. நடைக் கதவு வழியாக நுழைந்தவருக்கு அது நூலகம்.

பிறகு உணவறை, ஆபீஸ் ரூம், தையல் ரூம். அறைக்கு ஒரு டீ. ஆறாவது எதற்கென்று யாருக்கும் நினைவு வரவில்லை. "இது சும்மா இருக்கிற ரூம்ணே" என்றாள் மனைவி. (பெரிய வீடுகளில் அப்படி ஒன்று இருக்குமாம்.)

மகள் காதோடு சொன்னாள்: "அப்பா, நாலாவது ரூம் குஷன் அஞ்சாவதுலயும் இருந்துச்சு."

"ஒண்ணுவிட்ட குஷன்னு சொல்லிக்கலாம். நீ தூக்கு."

5

ஏழாவது அறை. கண்டக்டர் அண்ணாந்து பார்த்தார். மேலே ஈரம் ஊறி, ஆமை வடிவில் ஒரு கறை. வீட்டுக்காரர் தரையிலிருந்த அத்தனையையும் மாற்றியிருந்தார். அண்ணாந்து பார்க்கும் வாடிக்கையாளரை அவர் கண்டதே இல்லை.

"மாப்ள, இந்த ஊர்ல ரூமுக்கு ஒரு ஆமை குடுப்பாங்களா?"

இங்கே கதை மூன்றாகப் பிரிகிறது. (அ) நண்பர் கைகொட்டிச் சிரிக்க, மானம் கப்பலேறுகிறது. (ஆ) வீட்டுக்காரர் கண்ணீர் மல்க — [அடித்துவிட்டேன். இந்த வயதில் ஆண்களை அழவைத்தால் நிறுத்துவது கஷ்டம்.] (இ) நடந்தது:

கண்டக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "அம்பது பேர் வண்டியில நூறு பேரை ஏத்தினவன் நான். நீ ஒரு ரூமுக்குள்ள ஏழு ரூமை ஏத்திட்ட. நீதான்டா கண்டக்டர்."

"ஊர்ல என்ன சொல்லுவ?" என்றார் வீட்டுக்காரர்.

"ஏழுன்னா எவனும் நம்ப மாட்டான். ஒம்பதுன்னு சொல்லப் போறேன். இன்னும் ரெண்டு பாக்கி இருக்கே, அந்தப் பக்கம் பிடி. தங்கச்சி, அடுத்த டீயைப் போடும்மா, இது தூக்கறவங்களுக்கு."

சோபா பூப்போல எழுந்தது. மகள் நடைக் கதவில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று கூவினாள். வீட்டுக்காரருக்கு நெஞ்சு விரிந்து, அறையில் இன்னும் கொஞ்சம் இடம் குறைந்தது.

6

எட்டாவது அறை என்ன, ஒன்பதாவது என்ன? சாமான்கள் உங்களுக்கே தெரியும், ஜோடித்துக்கொள்ளுங்கள். ஆமையை மட்டும் தொடாதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு தரம் அந்த வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன். அறைக்குக் கதவு ஒன்றுதான்.